சீனக்குடாத் தாங்கிகளின் கணக்கு

திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61, 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போயின. அதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49. பாதிக்கு மேற்பட்ட பொதுப் பங்கு, கணக்காய்வாளர் நாயகம் உள்ளே வர வழி திறக்கிறது. ஆனால் கணக்காய்வு, பணம் போனபின் வருவது. பழைய தாங்கிகளைச் சீரமைக்கும் வேலையில் ஆபத்து அதற்கு முன்பே, கேள்விப்பத்திர நிபந்தனைகள் யாருக்கு ஏற்றாற்போல் எழுதப்படுகின்றன என்பதில், தொடங்கிவிடுகிறது. அந்த நிபந்தனைகளும் பணிப்பாளர்களின் சொத்து விபரமும் முன்கூட்டியே வெளிவர வேண்டும்.

வர்த்தக இரகசியம் கெடும் என்பார்கள். போட்டியாளர்கள் கேட்கும் விலைகளுக்கு, விலைமனுக்கள் திறக்கப்படும்வரை, அது நியாயமே. ஒப்பந்தம் வழங்கப்பட்டபின் பொருந்தாது. 25 சதவீத அரச பங்குள்ள கம்பனியையே 2016 தகவலறியும் உரிமைச் சட்டம் பொது அதிகாரசபையாகக் கொள்கிறது. இங்கிருப்பதோ அதன் இரு மடங்கு. மக்கள் விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பானேன்?