பரீட்சை வீட்டுக்கு வருகிறது

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறிக் காவலூருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே, வைணு பாப்பு வானோக்கு நிலையம் இருக்கிறது. 1968-ம் வருஷத்தில் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்த நிலையம் அது. இன்று 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன், நம் தேசத்திலேயே உருவான பெரிய தொலைநோக்கி ஒன்று அங்கே நிற்கிறது. 1986-ம் வருஷம் ஜனவரி மாதம் அது திறந்து வைக்கப்பட்டது.

நாமும் வானத்தைப் பார்க்கத்தான் போனோம். நம்முடைய அதிர்ஷ்டம், வானம் அன்று மேகப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டது. சரி, ஊரையாவது பார்ப்போம் என்று நடந்தபோது ஓர் அதிசயம் கண்ணில் பட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் முக்காலியைப் போட்டு, அதன்மேல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஏறி நின்று, கைப்பேசியை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கற்பூர ஆரத்தி காட்டுவது போலவே இருந்தது.

"தம்பி, யாருக்கு தீபாராதனை?" என்று கேட்டோம்.

"சிக்னல் பார்க்கிறேன், ஐயா. அக்காவுக்குப் புதன்கிழமை பரீட்சை" என்றான்.

"பரீட்சை எந்த ஊரிலே?"

"இந்த வீட்டிலேதான்!"

அதைக் கேட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். அந்த அக்காவும், சாமைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த தகப்பனாரும், காது சற்று மந்தமான பாட்டியும் சொன்ன விஷயங்களே இந்த வாரப் பகுதி.

* * *

அந்தப் பெண் பட்டப் படிப்பு முடித்தவள். வெளியூர்க் கம்பெனி ஒன்று அவளை உத்தியோகத்துக்குப் பரிசீலிக்க ஒரு முழு நாளை ஒதுக்கியிருந்தது. காலையில் எண், சொல், தர்க்கம் ஆகிய மூன்றிலும் நிமிஷக் கணக்கு வைத்து வினாக்கள். பிறகு ஆறு பேர் கூடி ஒரு பிரச்னையை விவாதிக்க வேண்டும். அப்புறம் ஒரு கற்பனை ஆபீஸில் வந்து குவிந்த கடிதங்களைப் படித்து, எதை முதலில் கவனிப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பத்து நிமிஷம் ஒரு விஷயத்தை எடுத்துப் பேச வேண்டும். கடைசியில் நேர்முகக் கேள்விகள். அத்தனையும் மடிக்கணினித் திரையில் நடக்கும். பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்திருப்பார்கள்.

இம்மாதிரி நாள் முழுவதும் வேலை கொடுத்துப் பார்க்கும் முறை புதிதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ல், பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைப் பொறுக்குவதற்கு இதைக் கைக்கொண்டது. மறு வருஷமே இந்தியாவுக்கும் வந்தது. இன்றும் நம் ராணுவத்துக்கு அதிகாரியாகப் போக விரும்பும் இளைஞர்களை ஐந்து நாள் வைத்துக்கொண்டு, பேசச் செய்து, எழுதச் செய்து, கயிற்றையும் பலகையையும் கொடுத்துக் கூட்டாகத் தடைகளைத் தாண்டச் செய்து பார்க்கிறார்கள். 1956-ல் அமெரிக்க டெலிபோன் கம்பெனி ஒன்று இதே வழியில் தன் நிர்வாகிகளை ஆராயத் தொடங்கிற்று. பிறகு உலகத்துக் கம்பெனிகள் பலவும் பின்பற்றின. 2020-ல் கொள்ளை நோய் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, பரீட்சை மண்டபமும் திரைக்குள் குடியேறியது. நோய் தணிந்த பிறகும் பல கம்பெனிகள் அதை அங்கேயே வைத்துக்கொண்டன.

"இது உனக்கு முதல் தடவையா, அம்மா?" என்று கேட்டோம்.

பெண் சற்றுத் தயங்கினாள். "இரண்டாவது தடவை, ஐயா. போன வருஷம் வேறொரு கம்பெனி. விவாதத்தின் நடுவிலே லைன் போய்விட்டது. நான் பேசிக்கொண்டேயிருந்தேன். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியாது. 'விவாதத்தில் போதிய பங்கெடுக்கவில்லை' என்று பதில் வந்தது" என்றாள்.

பாட்டிக்கு இது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. "பேசினவளைப் பார்த்துப் பேசலைன்னு எழுதிட்டான், ஐயா!" என்றாள்.

* * *

பாட்டியின் இந்த ஒரு வாக்கியம் நமக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டியது. அது நம் தேசத்தின் கதை.

சிவில் சர்வீஸ் உத்தியோகங்களுக்குப் போட்டிப் பரீட்சை 1855-ல் ஆரம்பமாயிற்று. இந்தியர்களும் எழுதலாம் என்று சட்டம் தாராளமாகச் சொல்லிற்று. ஆனால் பரீட்சை நடந்த இடம் லண்டன்! கப்பலேறிக் கடல் கடந்து, குளிரில் நடுங்கி, கையிலிருந்த சொத்தையெல்லாம் செலவழித்துப் போய் எழுத வேண்டும். அப்படிப் போய் 1863-ல் முதல் இந்தியராகத் தேறினார் சத்யேந்திரநாத் தாகூர். இதற்குமேல் 1876-ல் வயது வரம்பை இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைக்கவும் உத்தரவு வந்தது. "கதவு திறந்துதான் இருக்கிறது, கதவு மட்டும் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது" என்பதே இதன் அர்த்தம்.

1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ், பரீட்சையை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1893-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையே அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றியும் காரியம் நடக்கவில்லை. கடைசியாக 1922-ல்தான் அலகாபாத்தில் பரீட்சை நடந்தது. ஒரு பரீட்சை மண்டபம் லண்டனிலிருந்து கங்கைக் கரைக்கு வர அறுபத்தேழு வருஷம் ஆயிற்று.

இன்று அது காவலூர்த் திண்ணைக்கே வந்திருக்கிறது. பெண்ணைத் தனியாகப் பட்டணத்துக்கு அனுப்புவதா என்ற கவலையில்லை. பஸ் சத்தம், தங்கும் செலவு, துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் மிச்சம். நம் முன்னோர் தீர்மானம் போட்டுத் தீர்மானம் போட்டுக் கேட்டது இதைத்தானே! நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தூரம் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஆறாயிரம் மைலாக இருந்தது சுருங்கி, திண்ணைக்கும் டவருக்கும் நடுவிலுள்ள ஒரு குன்றாக மீந்திருக்கிறது. சப்தமில்லாத ஓர் அறை, பழுதில்லாத ஒரு மடிக்கணினி, மின்சாரம் போனால் கைகொடுக்க ஒரு பாட்டரி, இவை இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தூரம் இல்லை. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு லண்டன் இன்னும் லண்டனாகவே இருக்கிறது. முன்பு மண்டபமும் மேஜையும் விளக்கும் பரீட்சை நடத்துகிறவர்கள் பொறுப்பு. இப்போது அவையெல்லாம் பரீட்சை கொடுக்கிறவர் தலையில் வந்து விழுந்திருக்கின்றன. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியே இவ்வளவையும் சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை. குடும்பம் முழுவதும் தோள் கொடுக்க வேண்டும்.

* * *

அந்தக் காவலூர்க் குடும்பம் எப்படித் தோள் கொடுத்தது என்பதைச் சொல்கிறோம். நேயர்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம்.

பையன் மூன்று நாள் வீட்டைச் சுற்றி ஆராய்ந்து, வடக்கு ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் நிலையாக இருக்கிறதென்று கண்டுபிடித்தான். மேஜை அங்கே நகர்ந்தது. வெளிச்சம் பெண்ணின் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால், திரையில் முகம் கரிக்கட்டையாகத் தெரியுமாம். மடிக்கணினியின் கீழே பழைய பாடப் புஸ்தகங்களை அடுக்கிக் காமிராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினார்கள். படித்து முடித்த புஸ்தகங்களும் ஒரு நாள் உதவும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

தகப்பனார் வேறொரு கம்பெனியின் சிம் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு லைன் போனால் மற்றொன்று இருக்கட்டும் என்று ஏற்பாடு. அன்று காலை வீட்டிலுள்ள மற்றக் கைப்பேசிகள் எல்லாவற்றையும் அணைத்து வைப்பதென்று தீர்மானமாயிற்று. முதல் நாள் இரவே எல்லாப் பாட்டரிகளுக்கும் வயிறு நிறைய மின்சாரம். மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும் பொறுப்பு பையனுடையது. பாட்டியின் பொறுப்புத்தான் எல்லாவற்றிலும் கடினமானது: மாலை வரையில் பேத்தியைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது.

பெண் செய்த காரியங்களும் குறைவல்ல. கம்பெனி அனுப்பிய இணைப்பைத் திறந்து, காமிராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா என்று இரண்டு நாள் முன்னதாகவே சோதித்தாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தான் மலைக் கிராமத்தில் இருப்பதையும், லைன் அறுந்தால் உடனே டெலிபோனில் தெரிவிப்பதாகவும் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிட்டாள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்காமல் இருந்து பிறகு வருந்துவதுதான் பிசகு.

விவாதத்துக்காக ஒத்திகையும் நடந்தது. சிநேகிதிகள் ஐந்து பேரைத் திரையில் கூட்டி வைத்துத் தினம் அரை மணி நேரம் பேசினாள். எதிரே இருப்பவர்களுடன் பேசுவது வேறு, திரையில் பேசுவது வேறு. குரல் ஒரு கணம் தாமதித்தே போய்ச் சேருகிறது. ஆகையால் ஒருவர் முடித்த பிறகு ஒரு மூச்சு நேரம் பொறுத்துத் தொடங்க வேண்டும். பெயர் சொல்லிப் பேச வேண்டும். இரைச்சல் போடுகிறவருக்கு மதிப்பெண் கிடைப்பதாக எண்ணுவது தவறு. சிதறிக் கிடக்கும் அபிப்பிராயங்களைத் தொகுத்துச் சொல்கிறவரையும், பேசாதிருக்கும் ஒருவரை "உங்கள் எண்ணம் என்ன?" என்று கேட்கிறவரையும் பரீட்சகர்கள் குறித்துக்கொள்கிறார்கள். முக்கியமாக, பேச ஆரம்பித்ததும் "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்டுவிட வேண்டும். போன வருஷம் இந்த ஒரு கேள்வி விட்டுப்போனதற்குத்தான் அவள் ஒரு வருஷம் விலை கொடுத்தாள்.

* * *

"இவ்வளவும் செய்து, எதிர்பாராதது ஒன்று நடந்துவிட்டால்?" என்றாள் பெண்.

அவளுக்கு அவள் ஊர்ச் சரித்திரத்தையே பதிலாகச் சொன்னோம். 1977-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி, யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனின் குறுக்கே வரப்போகிறது என்று வானநூலார் கணக்கிட்டிருந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் ஏறி இந்து மகா சமுத்திரத்தின்மேல் பறந்தார்கள். கணக்கில் பிசகு இருக்கலாம் என்று கருவிகளை வெகு முன்னதாகவே ஓட விட்டார்கள். கிரகம் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. காவலூரிலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் விழித்துக் காத்திருந்தவர்களுக்கு அப்படியொரு மங்கல் பதிவாயிற்று. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இவ்விதமே உலகத்துக்குத் தெரிய வந்தது. அவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. முன்னதாகத் தயாராக இருந்தவர்கள் கையில் எதிர்பாராததும் லாபமாகவே முடிந்தது.

பெண் சிரித்தாள். "அப்படியானால் ஒன்பதரை மணிப் பரீட்சைக்கு எட்டரைக்கே உட்கார்ந்துவிடுகிறேன், ஐயா" என்றாள்.

* * *

கம்பெனி நடத்தும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. லைன் அறுந்ததற்கும் அறிவு குறைந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் மதிப்பெண் போடுவது, நல்ல ஆளை நீங்களே இழப்பதாகும். சோதனை இணைப்பை இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். எந்தெந்தக் குணங்களைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். திரை அணைந்தால் டெலிபோனில் பேச வழி வையுங்கள். அறுந்த பகுதியை மறுபடி நடத்தித் தாருங்கள். இதில் உங்களுக்கு ஆகும் செலவு அற்பம்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று கேட்கிறவர் யாராயிருந்தாலும் காலணா கொடுக்காதீர்கள். உத்தியோகம் கொடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார். உங்களிடம் வாங்க மாட்டார்.

புதன்கிழமை இரவு டெலிபோனில் விசாரித்தோம். பையன்தான் பேசினான். விவாதத்தின்போது லைன் ஒரு தரம் அறுந்ததாம். நாற்பது விநாடியில் மற்றச் சிம் மூலம் அக்கா திரும்பி வந்து, "மன்னிக்கவும், என் குரல் கேட்கிறதா?" என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாளாம்.

"முடிவு என்ன, தம்பி?" என்றோம்.

"இன்னும் வரலை, ஐயா. வந்தால் சொல்கிறோம். ஆனால் எல்லோருக்கும் அக்கா பேசினது கேட்டுதாம்" என்றான்.

பக்கத்திலிருந்து பாட்டியின் குரல் வந்தது. "இனியாவது அவளைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று அவரையே கேளுடா!"

தாராளமாகக் கூப்பிடலாம் என்று நம்முடைய உத்தரவைத் தெரிவித்துக்கொண்டோம்.