ஜெர்மனியா? ஜப்பானா?

உலகத்தில் தீராத வழக்குகள் சில உண்டு. வாய்ப்பாட்டு உயர்ந்ததா, வீணை உயர்ந்ததா என்பது ஒன்று. வெந்நீர் ஸ்நானம் நல்லதா, தண்ணீர் ஸ்நானம் நல்லதா என்பது மற்றொன்று. சில காலமாக இந்த வரிசையில் இன்னொரு வழக்கும் சேர்ந்திருக்கிறது. ஜெர்மன் மோட்டார் வண்டி சிறந்ததா, ஜப்பான் மோட்டார் வண்டி சிறந்ததா என்பதே அது. இவ்விஷயத்தில் ஒரு விசேஷம் என்னவென்றால், இரண்டில் எந்த வண்டியையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர்கள்தான் மிகவும் திடமான அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். வைத்திருப்பவர்களோ, பழுது பார்த்த பட்டியலை ஞாபகப்படுத்திக்கொண்டு, சற்று யோசித்தே பேசுகிறார்கள்.

இது வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல. ஒரு குடும்பத்தில் வீடு, கல்யாணம் இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவாவது வண்டிக்குத்தான். பல வருஷம் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் கைமாறுகிறது. மிச்சம் பிடித்தது போதாமல் கடனும் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் யந்திர சாஸ்திரம் படித்தவர்கள் அல்லர். ஆகையால் அவர்கள் வாங்குவது வண்டியைப் பார்த்தல்ல, பெயரைப் பார்த்துத்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் அதற்கு ஆதாரம் உண்டா என்று விசாரிப்பது அவசியமாகிறது.

முதலில் ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி என்ற பொருளே அந்த நாட்டில் பிறந்தது என்று சொல்லலாம். மான்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் என்பவர் தாம் செய்த மூன்று சக்கர வண்டிக்கு 1886-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் வண்டியைச் செய்தவர் அவரானாலும், அது ஊர் விட்டு ஊர் போகும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா அம்மையார். 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தாய்வீடு போய்ச் சேர்ந்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டார். ஜெர்மன் வண்டியின் கீர்த்திக்கு அஸ்திவாரம் போட்டவர் இந்த அம்மையார்தான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த முதல் யாத்திரையிலேயே வண்டி பல தடவை பழுதாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்தில் ஜெர்மன் சாமான்களுக்கு நல்ல பெயர் இருந்ததா? இல்லவே இல்லை. 1876-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சிக்குச் சென்றிருந்த பிரான்ஸ் ரூலோ என்னும் ஜெர்மானிய யந்திர நிபுணர், தம் நாட்டுச் சரக்குகள் மலிவானவை, மட்டமானவை என்று பகிரங்கமாகவே எழுதி, சொந்த தேசத்தாரின் கோபத்துக்கு ஆளானார். 1887-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பிரிட்டிஷ் சரக்குப் போலத் தோற்றமளித்து விற்கப்பட்ட அந்நியச் சரக்குகள் மீது அவை எந்த நாட்டில் செய்யப்பட்டவை என்று பொறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற முத்திரையைக் கண்டால் ஜனங்கள் எச்சரிக்கையடைந்து வாங்காமல் போவார்கள் என்று அவர்கள் எண்ணினார்கள். நடந்ததோ வேறு. ஜெர்மானியர்கள் சரக்கைத் திருத்தினார்கள். வசையாக ஒட்டப்பட்ட முத்திரை சில பத்தாண்டுகளில் விருதாக மாறிவிட்டது. நாட்டின் பெயர் பிறப்போடு வருவதல்ல, உழைப்பினால் வருவது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தப் பெயரைக் காப்பாற்றும்படியான காரியங்களையும் அவர்கள் செய்திருக்கிறார்கள். டீசல் என்ஜின் பூட்டிய சொந்த உபயோகக் காரை 1936-லேயே மெர்ஸிடிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. மோதல் ஏற்பட்டால் வண்டியின் முன்பாகமும் பின்பாகமும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பிழைத்திருக்க வேண்டும் என்ற யோசனை அந்த நிறுவனத்தின் பேலா பாரென்யி என்னும் நிபுணருடையது. 1959-ல் அது விற்பனை வண்டியில் இடம் பெற்றது. அழுத்தமாகப் பிரேக்குப் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் மின்னணுச் சாதனத்தை பாஷ் கம்பெனியார் செய்து கொடுக்க, 1978-ல் மெர்ஸிடிஸ் வண்டியில் அது வந்தது. இன்றைக்கு எந்தத் தேசத்து வண்டியில் ஏறினாலும் இந்த ஏற்பாடுகள் நம் உயிரைக் காவல் காக்கின்றன. ஜப்பான் வண்டிதான் உசத்தி என்று வாதாடுகிறவர்கள், அந்த வண்டிக்குள்ளேயே ஜெர்மானிய மூளை உட்கார்ந்திருப்பதை மறந்துவிடக் கூடாது.

உழைப்பிலும் பழைய ஜெர்மன் வண்டிகள் சளைத்தவை அல்ல. கிரேக்க தேசத்தில் ஒரு டாக்ஸிக்காரர் 1976-ம் வருஷத்து மெர்ஸிடிஸ் வண்டியை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 2004-ல் அதைக் கம்பெனியின் பொருட்காட்சி சாலைக்கே கொடுத்துவிட்டார். இடையில் என்ஜினைப் பல தடவை மாற்றினார் என்பது உண்மைதான். இருந்தாலும், வண்டி மாற்றப்படவில்லையல்லவா?

இனி ஜப்பானைப் பார்ப்போம். டொயோட்டா கம்பெனியின் கதை மோட்டாரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. ஸகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் பூர்த்தி செய்த விசைத்தறியில் ஒரு விசேஷம் இருந்தது. ஒரே ஓர் இழை அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். குற்றமுள்ள துணி ஒரு முழம் கூட நெய்யப்படாது. இத்தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். அவருடைய குமாரர் கீச்சிரோ மோட்டார்த் தொழிலில் இறங்கி, 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி ஏற்பட்டது.

தறியில் கண்ட தத்துவத்தைத்தான் பிற்காலத்தில் மோட்டார்த் தொழிற்சாலையிலும் அனுஷ்டித்தார்கள். வேலை செய்யும் இடத்தின் மேலே ஒரு கயிறு தொங்கும். குற்றம் கண்ட தொழிலாளி, அவர் எவ்வளவு சிறியவரானாலும் சரி, கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே குற்றம் தீராவிட்டால் வேலை வரிசை முழுவதும் நின்றுவிடும். குற்றத்தை மூடி மறைத்து அடுத்தவரிடம் தள்ளிவிடுவதற்கு அங்கே இடமில்லை. 1950-ல் டெமிங் என்ற அமெரிக்க நிபுணர் ஜப்பானுக்கு வந்து, சரக்கின் தரத்தைக் கணக்கிட்டுக் காக்கும் முறையைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அவருடைய நாட்டில் அவருக்கு அப்போது அவ்வளவு செல்வாக்கு இல்லை. ஜப்பானியரோ மறு வருஷமே அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்திவிட்டார்கள்.

அப்படியும் வெற்றி உடனே கிட்டிவிடவில்லை. டொயோட்டா கம்பெனியார் 1957-ல் அமெரிக்காவில் கடை விரித்து, தங்கள் கிரவுன் வண்டியைக் கொண்டு போனார்கள். அமெரிக்காவின் அகன்ற சாலையில் வேகமாகப் போனதும் அது கொதித்தது, நடுங்கியது. சில வருஷங்களில் அந்த வண்டியைத் திரும்ப அழைத்துக்கொண்டு, மறுபடி பாடம் படித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடும் சிறு வண்டிகளோடு தயாராக இருந்தார்கள். 1989-ல் லெக்ஸஸ் என்ற பெயரில் ஜெர்மன் உயர்தர வண்டிகளுக்கே போட்டியாக ஒன்றை வெளியிட்டார்கள். வெளிவந்த சில மாதங்களில் ஓரிரு புகார்கள் கிடைத்ததும், விற்ற சுமார் 8,000 வண்டிகளையும் வரவழைத்துச் சரி செய்து, கழுவி, பெட்ரோலும் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். பழுது வந்ததால் கெட வேண்டிய பெயர், பழுது பார்த்த விதத்தினால் உயர்ந்தது.

ஆகவே இரு நாட்டாருடைய போக்கும் வேறு. ஜெர்மானியர், வேகக் கட்டுப்பாடு இல்லாத ஆட்டோபான் சாலைகளை மனத்தில் வைத்து வண்டி செய்கிறார்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலும் அசையாமல் போக வேண்டும், புதுமையான ஏற்பாடு எதுவானாலும் முதலில் தங்கள் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. உறுப்புகள் அதிகமாகின்றன, உறுப்பு அதிகமானால் கெடக்கூடியதும் அதிகமாகிறது. குறித்த காலத்தில், குறித்த எண்ணெயை, தேர்ந்த கையால் மாற்றினால்தான் வண்டி சுகமாக இருக்கும். ஜப்பானியரோ பல வருஷம் ஓடித் தேறிய உறுப்பை எளிதில் கைவிடுவதில்லை. சிறுகச் சிறுகத் திருத்துகிறார்கள். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, வண்டிச் சொந்தக்காரர்களை விசாரித்து வருஷந்தோறும் வெளியிடும் பட்டியலில் டொயோட்டாவும் லெக்ஸஸும் நீண்ட காலமாக மேல் வரிசையில் இருந்து வருவதற்கு இதுவே காரணம்.

“இது ஜப்பானிய இரத்தத்தில் ஊறிய குணம்” என்று சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல. கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று, மோசமான வேலைக்கும் ஓயாத தகராறுக்கும் பெயர் வாங்கி, 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. அதே கைகள், சொற்ப காலத்தில் ஜப்பானுக்கு ஈடான வண்டிகளைச் செய்து கொடுத்தன. மாறியது மனிதர்கள் அல்ல, அவர்களை நடத்திய முறைதான்.

பெயர் சம்பாதிப்பது ஒரு விஷயம். காப்பாற்றுவது வேறு விஷயம். 2015-ல் வோக்ஸ்வாகன் கம்பெனியின் மோசடி அம்பலமாயிற்று. பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டி, சாலையில் போகும்போது விஷப் புகையைக் கக்கும்படி, சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் சூழ்ச்சி செய்திருந்தார்கள். உடனே ஜப்பான் கட்சிக்காரர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். வண்டிகள் தாமாகவே வேகமெடுத்த விஷயத்தில் ஜனங்களுக்கு உண்மையை மறைத்ததாக ஒப்புக்கொண்டு, டொயோட்டா 2014-ல் அமெரிக்காவில் 120 கோடி டாலர் தண்டம் செலுத்தியது. உயிர் காக்க வைத்த காற்றுப் பையே வெடித்து உயிர் குடித்த விவகாரத்தில், அவற்றைச் செய்த ஜப்பானிய டகாட்டா கம்பெனி 2017-ல் திவாலாயிற்று. டொயோட்டாவுக்குச் சொந்தமான டைஹாட்ஸு கம்பெனி பல வருஷமாகப் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு செய்து வந்தது 2023 டிசம்பரில் வெளியாயிற்று. இழை அறுந்ததும் தறி நிற்க வேண்டும் என்ற வம்சத்திலேயே, இழை அறுந்ததை மறைத்தவர்களும் தோன்றினார்கள்.

மேலும், இன்று ‘ஜெர்மன் வண்டி’ என்றால் என்ன பொருள்? பி.எம்.டபிள்யூ கம்பெனியின் மிகப் பெரிய தொழிற்சாலை இருப்பது அமெரிக்காவின் தென் கரோலினாவில். 2007 முதல் நம் செங்கற்பட்டுக்கு அருகிலேயே அதன் வண்டிகள் பூட்டப்படுகின்றன. 1983 டிசம்பரில் ஜப்பானின் ஸுஸுகி கம்பெனியோடு கூடி வெளிவந்த மாருதி வண்டி, நம் நாட்டு மத்தியதரக் குடும்பத்துக்கு மோட்டார் சவாரியை எட்டும்படி செய்தது. அதைப் பூட்டியவை நம்மவர் கைகளே. ஜெர்மனியின் பெயரும் ஜப்பானின் பெயரும் ஒரு பகுதி நம்முடைய தொழிலாளர் கைகளில் இருக்கின்றன என்பது பெருமைப்படத்தக்க விஷயந்தான். அதே கைகள் நம் பெயரையும் ஏன் அந்த உயரத்துக்குக் கொண்டு போகக் கூடாது? பிரீமாண்டின் கதை, கூடும் என்றே சொல்லுகிறது.

வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். நமது அபிப்பிராயம் இது: புதுமைக்கும் பந்தோபஸ்துக்கும் வேகத்தில் காட்டும் நிதானத்துக்கும் ஜெர்மன் வண்டி பெற்ற கீர்த்தி நியாயமானது. பழுதில்லாமல், குறைந்த செலவில், பல வருஷம் உழைக்கும் என்று அதற்குள்ள கீர்த்தியில் ஒரு பகுதி, பழைய டாக்ஸி வண்டிகள் சம்பாதித்து வைத்த பூர்விக சொத்து. இப்போதுள்ள வண்டிகள் அதைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு அம்சத்தில் ஜப்பான் வண்டிக்கே தீர்ப்பு. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம், பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொள்ள வண்டி தேடினால், ஜப்பான் பக்கம் போவதே விவேகம். பழுது பார்க்கும் செலவைப் பற்றிக் கவலைப்படாதவர்களும், ஓட்டுவதிலேயே ஆனந்தம் காண்பவர்களும் ஜெர்மன் வண்டி வாங்கட்டும்.

அதிலும் இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது ஜெர்மன் வண்டியின் விலையைப் பார்த்துப் பயந்தவர்கள், பத்து வருஷத்துப் பழைய வண்டியின் விலையைக் கேட்டு மயங்கிவிடுகிறார்கள். வண்டியின் விலை குறைந்தாலும், அதன் உதிரி உறுப்புகளின் விலை குறைவதில்லை. யானையை மலிவாக வாங்கிவிடலாம். தீனி யானைத் தீனியாகத்தான் இருக்கும். ஆகையால் கடைக்காரரிடம் வண்டி எந்த தேசத்தது என்று கேட்பதற்கு முன்னால், நம் ஊரில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் யார், அவர் எவ்வளவு கேட்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.