ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்!

புதிய வெளிநாட்டு வீரருக்கு, 'வேலை பர்மிட்' கிடைக்குமா என்று கால்பந்து ரசிகர்கள் தவிப்பதுண்டு. 2009ல் நாமும் தவித்தோம். சுனில் சேத்ரியைச் சேர்த்துக்கொள்ள, லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. பிரிட்டன் அரசோ பர்மிட் தரவில்லை. காரணம், உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லையாம்!

இது என்ன நியாயம்? நாமக்கல்லில் லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்டால், ஓட்டிக் காட்டச் சொல்வர். அவரது ஊர்க்காரர்கள் எப்படி ஓட்டுகின்றனர் என்றா பார்ப்பர்?

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் தான், மறுக்கவில்லை. அதற்கு எண்ணிக்கையைக் குறைக்கலாமே! நம் ஐ.எஸ்.எல்., போட்டியில் 2021ல், களத்தில் ஓர் அணிக்கு 4 வெளிநாட்டவர் என்று குறைத்தனரே, அப்படி. இங்கிலாந்திலும் அதே ஆண்டு மதிப்பெண் முறை வந்தது. அதிலும் நாட்டின் தரவரிசையை விடவில்லை.

பர்மிட் கிடைக்காத சேத்ரி, 2024 வரை இந்தியாவுக்காக அடித்தது 94 கோல்!