சங்கு முத்திரை எவ்வளவு தூரம் போகும்?

தபால் தலையில் தம் முகத்தை அச்சடித்துக் கொண்டால் ஒரு மன்னர் சுதந்திர அரசராகிவிடுவாரா? நம் தேசத்துப் பழைய சமஸ்தானங்களின் கதை இதற்குத் தக்க விடை அளிக்கிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர். 1888-ஆம் வருஷத்தில் சங்கு பொறித்த தலைகளை அது வெளியிட்டது. விலையெல்லாம் சக்கரக் கணக்கில். அவ்வூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம்.

நாகர்கோவில்வாசி ஒருவர் அக்காலத்தில் ஆம்பூர்த் தோல் மண்டிக்குக் கடிதம் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். சங்கின் செல்வாக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயோடு முடிந்துவிடும். சமஸ்தானத்துக்குள்ளேயே இருந்த பிரிட்டிஷ் இந்தியத் தபாலாபீஸை நாடி, இந்தியத் தலை ஒட்ட வேண்டும். அந்த ஆம்பூர் மண்டிக்காரர் லண்டன் தோல் வியாபாரிக்கு எழுதுவதற்கோ இந்தியத் தலையே போதும். ஏனெனில், 1874-இல் பேர்ன் நகரில் பல தேசங்கள் கூடி அமைத்த தபால் சங்கத்தில் இந்தியா 1876-இல் சேர்ந்திருந்தது.

பட்டியாலா வேறு வழி கண்டது. 1884-இல் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு அது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜீந்த், நாபா, குவாலியர், சம்பா, பரீத்கோட் சமஸ்தானங்களும் அதைப் பின்பற்றின. விக்டோரியா ராணியின் உருவம் தாங்கிய இந்தியத் தலைமீது சமஸ்தானத்தின் பெயரை அச்சிட்டுக் கொடுத்தார்கள். அத்தலை பிரிட்டிஷ் இந்தியா எங்கும் சென்றது. தூரம் கிடைத்தது, சொந்த முகந்தான் போயிற்று!

இனி வத்திக்கானைப் பாருங்கள். 1929-இல் தோன்றிய அந்த ராஜ்யத்தின் பரப்பு 44 ஹெக்டேர், அதாவது சுமார் 109 ஏக்கர். பாலாற்றங்கரைத் தோப்புகள் சிலவற்றைச் சேர்த்தாலே அவ்வளவு தேறிவிடும். திருவிதாங்கூரோ 7,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. ஆயினும் வத்திக்கான் தலை ஒட்டிய கடிதம் தடையின்றி ஆம்பூர் வந்து சேரும். பிறந்த வருஷத்திலேயே அது உலகத் தபால் சங்கத்தில் அங்கம் பெற்றது. இத்தாலியோடும் தபால் உடன்படிக்கை செய்துகொண்டது.

ஆகவே, தலையின் வலிமை நிலப்பரப்பில் இல்லை. அயலாரோடு சமமாக அமர்ந்து கையெழுத்திடும் உரிமையில் இருக்கிறது. அந்த உரிமை திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்களும் நம்மவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 1947 நவம்பர் 21-ஆம் தேதி மூவர்ணக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்ற வாசகமும் தாங்கி வந்த தலையின் மகிமை இதனால் விளங்கும். பின்னர் 1950, 51-ஆம் வருஷங்களில் சமஸ்தானத் தலைகள் மறைந்தன.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வர்த்தகக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் பழைய கடிதக் கட்டுகள் இருக்குமாயின், தலையை மட்டும் கிழித்தெடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். எங்கே புறப்பட்டது, எதுவரை சென்றது என்பதை உறைமீதுள்ள தபால் முத்திரைகளே சொல்லும். உறையோடு இருந்தால் அது சரித்திரச் சாசனம். கிழித்துவிட்டால் வெறும் வர்ணக் காகிதம்.