கோகு தோற்ற குஸ்திப் பந்தயம்

மாங்கா என்றதும் உப்பும் மிளகாய்த் தூளும் நினைவுக்கு வருகிறதா? நான் சொல்வது ஜப்பான்காரர்களின் படக்கதையை. அந்த ஊரில் அதற்கு 'மாங்கா' என்றுதான் பெயர்! நம் வீட்டுப் பையன்கள் டீவியிலும் போனிலும் கண் கொட்டாமல் பார்க்கிறார்களே 'டிராகன் பால்', அதுவும் முதலில் மாங்காவாக வந்ததுதான். எழுதி வரைந்தவர் அகிரா தோரியாமா. 2024 மார்ச்சில் தமது 68-வது வயதில் காலமானார். 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' என்கிற சிறுவர் வாரப் பத்திரிகையில் இது தொடராக வந்தது. பிறகு 42 புத்தகங்களாகத் தொகுத்தார்கள்.

"எப்பப் பார்த்தாலும் அடிதடிதானே, அதிலே என்னடா இருக்கு?" என்று கேட்காத அம்மா கிடையாது. நியாயமான கேள்விதான். ஆனால் சகோதரிகளே, இந்த அடிதடியில் ஒரு தனி ரகம் உண்டு. அதுதான் பந்தயம். ஆரம்பத்து டிராகன் பாலின் சுவையே அதில்தான் இருக்கிறது.

சீனாவின் பழைய குரங்கு ராஜா கதையைத் தழுவித் தொடங்கியது இது. வால் முளைத்த கோகு என்ற பையன், ஏழு மாயப் பந்துகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றுவான். 1985-ல் தோரியாமா அதில் ஒரு குஸ்திப் பந்தயத்தைக் கொண்டுவந்து நுழைத்தார். 'தென்காய்ச்சி புதோகாய்' என்று அதற்குப் பெயர். உலகத்திலேயே பெரிய பலசாலி யார் என்று பார்க்கிற போட்டி. அந்தப் பத்திரிகை வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதை எது என்று கார்டில் எழுதிப் போடுவார்கள். ஆதரவு குறைந்தால் தொடருக்கே ஆபத்து! பந்தயம் வந்த பிறகு கோகுவுக்கு மவுசு ஏறிவிட்டது.

ஏன் ஏறாது? சட்டம் குழந்தைக்கும் புரிகிற சட்டம். மேடைக்கு வெளியே தரையைத் தொட்டால் தோல்வி. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் தோல்வி. "போதும்பா" என்று ஒப்புக்கொண்டாலும் தோல்வி. கத்தி, கம்பு கூடாது. எதிராளியைக் கொன்றுவிட்டால் கொன்றவனுக்குத்தான் தோல்வி. சுமோ மல்யுத்தத்திலும் வளையத்தை விட்டு வெளியே போனால் ஆட்டம் முடிந்தது என்பதால் ஜப்பான் பிள்ளைகளுக்கு இது பழகின விஷயம். நம் பிள்ளைகளுக்குக் கபடிக் கோடு மாதிரி.

யாரும் சாகப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால் வாய்விட்டுச் சிரிக்கலாம், இல்லையா? பாக்டீரியன் என்று ஒரு தடியன் வருகிறான். பிறந்ததிலிருந்து குளித்ததே கிடையாதாம். அவனுடைய நாற்றம்தான் ஆயுதம்! எதிரே நிற்கும் மொட்டைத்தலைப் பையன் கிரிலின் மயங்கி விழப் போகிறான். கோகு கீழேயிருந்து கத்துகிறான், "உனக்குத்தான் மூக்கே இல்லையே!" என்று. பார்த்தால் உண்மைதான், தோரியாமா அவனுக்கு மூக்கு வரையவே இல்லை! நாற்றம் போன இடம் தெரியவில்லை, கிரிலின் ஜெயித்துவிட்டான். குளிக்க அழும் பிள்ளையிடம் பாக்டீரியன் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

அதே பந்தயத்தில் நாம் என்று ஒருவன் வருகிறான். தலைப்பாகையோடு நம் இந்தியர் ஜாடை. ஊரிலே மழை இல்லை, ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள். பரிசுப் பணத்தில் தண்ணீர் வாங்கிப் போகலாம் என்று வந்தவன் கோகுவிடம் தோற்றுப் போகிறான். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் போட்டிக்கு வந்திருந்த ஒரு கிழவர் அவனைத் தனியே கூப்பிடுகிறார். இந்த ஊரில் தண்ணீருக்குக் காசே கிடையாது என்று சொல்லி, எவ்வளவு வேண்டுமானாலும் அடைத்துக்கொண்டு போகிற ஒரு மாயக் குப்பியையும் கொடுத்து அனுப்புகிறார். குடத்தைத் தூக்கி வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கட்டத்தின் அருமை தெரியும்.

அந்தக் கிழவர் யார் தெரியுமோ? கோகு, கிரிலின் இருவருக்கும் குருவேதான்! ஆமை ஓட்டைச் சுமக்கிற கமே சென்னின். பையன்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி வேடிக்கையானது. விடிகாலையில் வீடு வீடாகப் பால் போடணும். வெறும் கையால் வயலை உழணும். அப்புறம் பாடம் படிக்கணும், சாப்பிடணும், மதியம் தூங்கணும். இதெல்லாம் போதாதென்று முதுகில் 20 கிலோ ஆமை ஓடு! பயிற்சியில் மதியத் தூக்கத்தைச் சேர்த்த குருவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்படிப் பழக்கியவரே பொய்முடி வைத்துக்கொண்டு, ஜாக்கி சுன் என்று பெயரை மாற்றிப் போட்டியில் நுழைகிறார். முதல் தடவையே ஜெயித்துவிட்டால் பையன்களுக்குத் தலைக்கனம் வந்துவிடுமே என்கிற கவலை. கடைசி ஆட்டத்தில் இருவருமே உதைபட்டு விழுகிறார்கள். முதலில் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே தன்னை வெற்றியாளன் என்று சொல்பவருக்குத்தான் பட்டம். கிழவர் எழுந்துவிட்டார்!

அழுதானா கோகு? இல்லை. அன்று இரவு குரு வாங்கிக் கொடுத்த சாப்பாட்டில் பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றே தீர்த்தான். மூன்று வருஷம் கழித்து அடுத்த பந்தயத்திலும் தோல்விதான். ஆகாயத்திலிருந்து விழும்போது ஒரு வண்டியில் மோதி, எதிராளிக்கு ஒரு நொடி முன்னால் தரையைத் தொட்டுவிட்டான். மூன்றாவது தடவைதான் பட்டம் கிடைத்தது.

இதைப் படித்ததும் எனக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள்தான் ஞாபகம் வந்தன. மாறுவேடப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கின குழந்தை, மேடையை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது அம்மாவின் முகத்தைத்தான். பரிசைப் பார்த்தபோது இல்லாத அழுகை, அந்த முகத்தைப் பார்த்ததும் வருகிறது. கதாநாயகனே இரண்டு தடவை தோற்று, சாப்பிட்டுவிட்டு மறுபடி பயிற்சிக்குப் போகிற கதையைப் பிள்ளைகள் ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

குறையும் சொல்லியாக வேண்டும். குருவானவர் பெண்களைக் கண்டால் வழிகிற ஹாஸ்யம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆடையைக் களைந்து எதிராளியைத் திணற அடிக்கிற ஒரு பெண்ணும் பந்தயத்தில் வருகிறாள். சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்குமுன் நீங்கள் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பிந்திய புத்தகங்களில் உலகமே வெடித்துச் சிதறுகிற சண்டைகள். சிரிப்பு குறைந்துவிட்டது. எனக்கு மேடையும் கோடும் இருந்த காலம்தான் பிடித்தது.

அந்த மூன்றாவது பந்தயத்தில் பெயர் சொல்லாத ஒரு பெண் மேடையேறி, கோகுவைக் கோபமாக அடிக்கிறாள். சின்ன வயதில் அவளைக் கட்டிக்கொள்வதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தானாம். கல்யாணப் பெண் என்றால் ஏதோ தின்பண்டம் என்று நினைத்துத் தலையாட்டிய வாக்கு! தோற்ற பிறகுதான் தன் பெயர் சீச்சி என்கிறாள். கொடுத்த வாக்காயிற்றே என்று கோகுவும் அந்த மேடையிலேயே சம்மதித்துவிடுகிறான். பரிசுப் பணத்தையே சாப்பிட்டுத் தீர்த்த அந்தப் பிள்ளைக்கு அப்புறம் காலமெல்லாம் வடித்துக் கொட்டியவள் அவள்தான்.