கிழட்டுக் குதிரையின் வாயைப் பாருங்கள்

சிறுமலை வாழைப்பழத்துக்கு அறிமுகம் தேவையில்லை. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. வண்டி போக முடியாத சரிவுகளில் வெட்டிய தார், சாலைக்கு வந்து சேர்வது குதிரையின் முதுகில்தான். மிளகும் காபியும் எலுமிச்சையும் அப்படியே. அந்த நன்றிக்காகத்தான் மாட்டுப் பொங்கலை ஒட்டி அங்கே குதிரைகளுக்கும் பொங்கல் வைக்கிறார்கள்.

பதினைந்து, இருபது ஆண்டுகள் பொதி சுமந்த குதிரைக்கு முதுமை வந்தால் என்ன ஆகிறது? நல்ல மனம் படைத்தவர்கள் கடைசி வரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். முடியாதவர்கள் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் சாலையோரங்களில் குப்பையைக் கிளறித் தின்னும் குதிரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலைக்கு உதவாத விலங்குக்குத் தீனி போட ஏழை விவசாயியிடம் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், ‘இனி தேறாது’ என்று கைவிடப்படும் குதிரைகளில் பலவற்றுக்கு உண்மையான நோய் பசிதான். அந்தப் பசிக்குக் காரணம் வாயில் இருக்கிறது.

குதிரையின் பல், ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைக்க அரைக்கத் தேயும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் மேல் கடைவாய்ப் பல் கன்னத்தையும் கீழ்ப் பல் நாக்கையும் கத்தி போலக் கிழிக்கும். இருபது வயதுக்கு மேல் பற்கள் ஆடும், விழும். வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிற நாம், பல் போன பிறகு வாயைப் பார்ப்பதே இல்லை.

அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது எளிது. பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே போடும். தலையைச் சாய்த்து மெதுவாக மெல்லும். சாணத்தில் நீளமான நாரும் முழுத் தானியமும் இருக்கும். முதுகெலும்பு துருத்தி நிற்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூர்மையான பல்லை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய அவரால் முடியும். நீங்களே வாய்க்குள் கைவிட வேண்டாம்.

இனி தீனி. 200 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு, ஈரம் நீங்கிய கணக்கில், நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ தீனி வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. எனவே ஒரே வேளையில் கொட்டாமல், நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். புல்லை முற்ற விடாமல் இளசாக அறுத்துப் பொடியாக நறுக்குங்கள். கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, மசித்து, தவிட்டுடன் கூழ் போலக் கலந்து வையுங்கள். தீனியை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மிச்சப்பட்ட கோழித் தீவனத்தை மறந்தும் வைக்காதீர்கள். அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பானவை. குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவுவதும், ரணஜன்னித் தடுப்பூசியும் முதுமையிலும் தொடர வேண்டும்.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக் குதிரை மீது 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன 1965-ம் ஆண்டின் விதிகள். வயது பாராமல் சொல்லப்பட்ட மேல்வரம்பு இது. வயதான குதிரைக்குச் சுமையைப் படிப்படியாகப் பாதியாக்கி, பிறகு நிறுத்திவிடுவதே முறை. வளர்த்த விலங்கைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆனால், சட்டத்தைக் காட்டி மிரட்டுவதால் மட்டும் குதிரைக்குத் தீனி கிடைத்துவிடாது. நான் பயிர்களைப் படித்தவன். மலைத் தோட்டங்களின் சாகுபடிச் செலவுக் கணக்கில் உரம், களையெடுப்பு, சுமைக்கூலி எல்லாவற்றையும் எழுதுகிறோம். சுமந்த குதிரையின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளுக்கான செலவை நானும் எழுதியதில்லை, வேறு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பாரம் முழுவதும் குதிரைக்காரர் ஒருவர் தலையில் விழுகிறது. பழத்தை விற்றவர், வாங்கியவர், தின்றவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

மலை விவசாயிகளின் உற்பத்தியாளர் குழுக்கள், தாருக்கு ஒரு ரூபாய் என ஒதுக்கிப் பொது நிதி வைக்கலாம். ஊருக்குப் பொதுவாக ஒரு கொட்டகையும் கால் ஏக்கர் தீவனப் புல்லும் போதும்; தொடங்கிவிடலாம். கால்நடைப் பராமரிப்புத் துறை, மலைக் கிராம முகாம்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது குதிரைகளுக்குப் பல் பரிசோதனையைச் சேர்க்க வேண்டும். எழ முடியாமல், வலி தீராமல் தவிக்கும் குதிரைக்கு மருத்துவர் மூலம் வலியில்லாத முடிவைத் தருவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். அதைச் சாலையோரத்தில் விடுவதைவிட அது மேல்.

அடுத்த பொங்கலுக்குக் குதிரையைக் குளிப்பாட்டி மாலை போடுங்கள். அதற்கு முன், உதட்டைத் தூக்கி வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.