விரலுக்கேத்த வீக்கம்: கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறவங்க கவனத்துக்கு



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர், "பழைய கம்ப்யூட்டரா? ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் புதுசு மாதிரி பறக்கும்" என்று எழுதியிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்த பிறகு என் வகுப்பிலேயே மூன்று பேர் வீட்டில் காசு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டில் அவங்க அண்ணனுக்காக மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்காங்களாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கருத்துத்தான் வேறு.

என் கருத்து இதுதான். கிராபிக்ஸ் கார்டு கெட்டது கிடையாது. ஆனால் நம் வீட்டுப் பெட்டிக்குப் பொருந்துமா, நம் வேலைக்கு வேணுமா, நம் பணத்துக்குத் தகுமா என்று மூன்றையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. விரலுக்கேத்த வீக்கம் வேணும்னு பெரியவங்க சொல்றது இதுக்கும் பொருந்தும்.

கார்டு என்ன வேலை செய்கிறது?

மானிட்டரில் தெரிகிற படத்தைக் கணக்குப் போட்டு வரைவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. நம்மிடம் இருக்கிற ஐ3, ஐ5 கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் பிராசசருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் பகுதி உண்டு. தமிழ் டைப் செய்ய, பாட வீடியோ பார்க்க, கணக்கு அட்டவணை போட, படம் வரைய அதுவே போதும். பெரிய கேம், முப்பரிமாணப் படம், கனமான வீடியோ எடிட்டிங் என்று போகும்போதுதான் தனிக் கார்டு தேவைப்படும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, ரெண்டு புரோகிராம் திறந்தா நின்னுடுதுன்னா, அதுக்குக் கார்டு காரணம் இல்லை. பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் பத்தாத ராமும்தான் காரணம். அதுக்குக் கார்டு போடுறது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், ஏதோ ஓர் ஆபீசில் கழித்துவிட்டதை டவுனில் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். என் அண்ணன் ஐடிஐ படிக்கிறான். அதில் கேமும் ஆடுவான், கல்யாண வீடியோ எடிட் செய்து கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறான். நான் அதில்தான் டைப்பிங் பழகுகிறேன், பாடமும் பார்க்கிறேன்.

அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 6,000 ரூபாயைக் கம்ப்யூட்டருக்கு என்று ஒதுக்கினாங்க. அம்மா களை எடுக்கப் போறவங்க. அந்த 6,000 ரூபாய் எத்தனை நாள் வெயில் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் உடனே "4 ஜிபி கார்டு வாங்கிடலாம்மா" என்றான். "வாங்குறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து பாப்போம்ணே" என்று நான் சொன்னேன். வந்திருந்த சித்தப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டான்.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் திறந்தோம். நீங்களும் திறந்தால் நாலு விஷயம் பாருங்கள்.

1. உயரம். ஆபீஸ் பெட்டிகள் பல ஒல்லியாக இருக்கும். சாதாரண உயரக் கார்டு அதில் நுழையாது. குட்டைக் கார்டுதான் நுழையும். டவுனில் ஒரு கடையில் வாங்கி வந்து, மூடி மூட முடியாமல் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. திரும்பக் கொண்டுபோனால் "வித்த பொருள் திரும்ப எடுக்க மாட்டோம் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள்.

2. எஸ்எம்பிஎஸ். கரண்ட் கொடுக்கிற பெட்டி இது. எங்களுடையதில் 240 வாட் என்று எழுதியிருந்தது. கார்டு செருகும் நீளமான ஸ்லாட், விதிப்படி அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். சில ஒல்லிப் பெட்டிகளில் அதைவிடவும் குறைவு. அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் தனியாக வரணும். ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது. பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் பெரிதாக எழுதியிருக்கும் "450 வாட்" என்பதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 14 ஆம்பியர் என்றால் 12 × 14 = 168 வாட்தான். அறிவியல் பாடம் பரீட்சைக்கு மட்டும் இல்லை.

3. மானிட்டர் ஒயர். நம் வீடுகளில் இருக்கும் பழைய மானிட்டர்களில் நீல நிற விஜிஏ ஒயர் மட்டும்தான் இருக்கும். என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி கார்டுகளில் விஜிஏ கிடையாது. மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டருக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்கணும்.

4. ராம் ஸ்லாட். எங்களுடையதில் ஒரே ஒரு ராம் இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே சொல்கிறேன்.

"எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்காதீங்க

நம் பசங்க கார்டைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். ஜிபி என்பது குடத்தின் அளவு. தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கும். பெரிய குடத்தைச் சொட்டுச் சொட்டாக விழுகிற குழாயடியில் வைத்தால் என்ன பிரயோஜனம்?

ஒரு உண்மை உதாரணம். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அது வினாடிக்கு 48 ஜிபி தகவலைக் கடத்தும். 2018-இல் அதே பேரில் டிடிஆர்4 நினைவகம் வைத்து இன்னொன்று வந்தது. அது 16.8 ஜிபிதான் கடத்தும். இரண்டுமே 2 ஜிபி கார்டு, பேரும் ஒன்று, ஆனால் மூன்றில் ஒரு பங்கு வேகம். அட்டைப் பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்காவிட்டால் நாம்தான் ஏமாறுவோம்.

இப்போது அந்தக் காலி ராம் ஸ்லாட்டுக்கு வருவோம். டிடிஆர்3 1600 ராம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 12.8 ஜிபி. ஒரே மாதிரி இரண்டு போட்டால் இரண்டு வழியாகவும் ஓடி 25.6 ஜிபி. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. அதாவது இன்னொரு ராம் போட்டால் அதற்கும் குழாய் பெரிதாகிறது. அந்த மெதுவான ஜிடி 1030-இன் நினைவகத்தைவிட, ரெண்டு பழைய ராமே அதிகம் கடத்தும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அண்ணன் அசந்துவிட்டான்.

சில புதிய கார்டுகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 2022-இல் வந்தது. 53 வாட்தான், தனி ஒயர் வேண்டாம், குட்டை வடிவிலும் கிடைக்கும். நமக்காகவே செய்தது போலத் தோன்றும். ஆனால் அது மதர்போர்டோடு நாலு பாதையில் மட்டும்தான் பேசும். புதிய போர்டில் அது போதும். பழைய போர்டில் பாதையின் வேகமே பாதி, கால் என்று குறைந்துவிடும். வீடியோ பதிவு செய்வதற்கான என்கோடரும் அதில் இல்லை. எடிட்டிங் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டியது இது.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 75 வாட்டுக்குள் தனி ஒயர் இல்லாமல் ஓடுகிற ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டுகள் பழசில்தான் நம் பணத்துக்கு ஓரளவாவது எட்டும். 1650-இல் சில மாடல்களுக்கு 6 பின் ஒயர் கேட்கும், அதையும் பார்க்கணும். இன்னொன்று, 1050 டிஐக்கு வழக்கமான கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டன. அப்புறம், ஈதரியம் என்ற மின்காசைத் தோண்ட இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்தத் தோண்டல் நின்ற பிறகு பழைய சந்தைக்கு வந்தன. அதனால் யாரிடம் இருந்தது, எப்படி ஓடியது என்று கேளுங்கள். காத்தாடி சத்தம் போடுகிறதா, ஒரு மணி நேரம் கேம் ஓடினால் படம் உடைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கணும்.

போலியும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷப் பழைய கார்டுக்குள் பேரை மட்டும் மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள். அதில் விஜிஏ துளை இருந்தாலே சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராம் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைக் காட்டிக் கொடுக்கிறது.

நாங்கள் என்ன செய்தோம்?

இன்னொரு 4 ஜிபி ராமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும் வாங்கினோம். மீதிப் பணத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தோம். இப்போது சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷத்துக்குள் திரை வந்துவிடுகிறது. ஐ5-க்குள்ளேயே வீடியோவை வேகமாக முடித்துக் கொடுக்கும் குவிக் சிங்க் என்ற வசதி இருப்பதை அண்ணன் கண்டுபிடித்து, எடிட்டிங் புரோகிராமில் ஆன் செய்துகொண்டான். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெரிய கேம்கள் ஓடவில்லைதான். அதை மறைக்க மாட்டேன். அண்ணனுக்கு இன்னும் கார்டு ஆசை போகவில்லை. கல்யாண வீடியோ காசில் தானே சேர்த்து, குட்டை உயரத்தில் ஒரு பழைய 1650 தேடிக்கொண்டிருக்கிறான். அது நியாயம். அவன் வேலைக்கு அது உதவும், அவன் உழைத்த காசு.

"அப்போ கேம் ஆடவே கூடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். ஆடலாம். எனக்கும் பிடிக்கும். ஆனால் குழுக் கடன் வாங்கி ஆட வேண்டாம். வாரா வாரம் தவணை கட்டுறது நாம இல்லை, நம்ம அம்மாக்கள். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவே 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எங்களுடையது மாதிரி பழைய பெட்டிகள் விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதி இல்லாதவை. அப்படிப்பட்ட பெட்டிக்குக் கடன்பட்டுக் கார்டு போடுவது, ஒழுகுற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

கடைசியாக ஒன்று

ஒரு வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கும். அதை அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் உபயோகிக்கிறோம். ஆனால் என்ன வாங்குவது என்று பேசும்போது மட்டும் தங்கை அடுப்படியில் இருக்கிறாள். கார்டு போட்டால் கேம் ஆடுகிறவருக்கு லாபம். ராமும் எஸ்எஸ்டியும் போட்டால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் லாபம். இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசணும். தோழிகளே, "எனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னு ஒதுங்காதீங்க. பெட்டியில் இருப்பது நாலு ஸ்க்ரூ. அதைத் திறக்க ஆம்பளை வேணும்னு எந்தப் புத்தகத்திலும் எழுதலை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் ரிப்பேராகிக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அறிவியல் மன்றக் கூட்டத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். எது ராம், எது எஸ்எம்பிஎஸ், எது ஸ்லாட் என்று ஒரு மணி நேரத்தில் எல்லோரும் தெரிந்துகொள்வோம். அதற்குப் பிறகு கார்டு வாங்குவதா வேண்டாமா என்று அவரவர் வீட்டில் முடிவு செய்யட்டும்.

போன மாதம் எழுதிய அண்ணன் இதற்குப் பதில் எழுதினால் சந்தோஷமாகப் படிப்பேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி